யோகமக்காவின் தண்ணீர் வாங்கு

சுன்னாகம் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றபோது அந்த மரண அறிவித்தல் காதில் விழுந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று சந்தை வாசலால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நீர்வேலியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட இளைப்பாறிய தாதிய உத்தியோகத்தர் திருமதி சிவயோகம் நடராசா. பெயருக்குப் பிறகு சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைதான் அவருடன் தொலைபேசியில் கதைத்திருந்தேன். முழங்கால் நோகிறது என்றார். ஒரு குலை கதலி பழுக்கிறது, யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன் என்றார்.

வெங்காயக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்ச ஆளோ அம்மா?" என்று கேட்டார்.

"ஓம். என்னோடை வேலை செய்தவ."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதில் போதாது என்று எனக்குள் ஒரு குறை. அவருடன் வேலை செய்தவர்கள், அவரிடம் மருந்து கட்டியவர்கள், கத்திக் கத்தி அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் பலர் இன்றும் இந்தக் குடாநாட்டிலும் வெளியிலும் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த யோகம் மிஸ்ஸியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்களில் ஒருவரும் காணாத ஒரு நாள் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரு மிஷன் வைத்தியசாலையின் குழந்தைகள் வார்டில் தாதிகளாக இருந்தோம். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர், எனக்கு யோகமக்கா. ஆட்கள் சொல்வதுபோல அவர் சாந்த சொரூபி ஒன்றுமில்லை. நடை வேகம், பேச்சு அதைவிட வேகம். அவர் எழுதிய நோயாளர் குறிப்புகளை வாசிக்க டாக்டர் என்னைக் கூப்பிடுவார். சமையல் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அவருடைய கணவர் நடராசா அண்ணை கொழும்பில் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞர். மாதத்துக்கு ஒருமுறை யாழ்தேவி ரயிலில் வந்து இரண்டு நாள் நின்று சமைத்துக் கொடுத்துவிட்டுப் போவார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு எங்கள் இருவரையும் ஆறு மாதப் பயிற்சிக்கு ஐரோப்பாவில் ஒஸ்ரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு திருச்சபை நடத்திய வைத்தியசாலையில், தீக்காயம்பட்ட பிள்ளைகளைப் பராமரிக்கும் பகுதியில் பயிற்சி. வைகாசியில் போனோம். ஆடி முடியும்போது விடுதித் தொலைக்காட்சியில், கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிவதைப் பார்த்தோம். எங்களுக்கு ஜேர்மன் மொழி அரைகுறை. புகைக்குள்ளே ஒரு தெருவைக் காட்டினார்கள். யோகமக்கா எழுந்துபோய்த் திரைக்குக் கிட்ட நின்று, "உது வெள்ளவத்தை. உந்தக் கடை எனக்குத் தெரியும்" என்றார். நடராசா அண்ணையின் அறை அந்தக் கடைக்குப் பின்னால் இருந்தது.

அதற்குப் பிறகு பதினொரு நாள். தொலைபேசி இணைப்புக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனோம். தந்தி அடித்தோம், பதில் இல்லை. பகலில் வார்டில் வேலை செய்வார். வேலை முடிந்ததும் விடுதி நடையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அழவில்லை. சாப்பாட்டைத் தட்டில் அங்கும் இங்கும் தள்ளுவார். நான் ஏதாவது கேட்டால் ஓம் அல்லது இல்லை.

பதினோராம் நாள் சனிக்கிழமை. விடுதிக்குப் பொறுப்பான கன்னியாஸ்திரி வந்து, மாணவிகள் எல்லோரையும் நகருக்கு வெளியே உள்ள ஒரு மாளிகைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் வரவில்லை என்றேன். யோகமக்கா முக்காலியிலிருந்து எழுந்தார்.

"போவம் வசந்தா. நான் இதிலை இருந்தால் மட்டும் உது அடிக்கப்போகுதே?"

அந்த மாளிகையை முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் ஒரு பேராயர் கட்டினாராம். வாழ்வதற்கென்று கட்டியதல்ல, படுக்கையறையே கிடையாது. பகலில் விருந்தினரைக் கூட்டிவந்து கூத்தடித்துவிட்டுப் பொழுதுபட நகரத்துக்குத் திரும்பிவிடுவார். மஞ்சள் பூசிய சுவர்கள், உள்ளே கூரையெல்லாம் சித்திரம். சனம் வருவதோ தோட்டத்தைப் பார்க்க. மலையடியில் பளிங்குபோல ஊற்று. அந்தத் தண்ணீரைக் குளமாகவும் வாய்க்காலாகவும் குகையாகவும் ஆக்கி, போகிற இடமெல்லாம் ஒளித்துவைத்த குழாய்களால் ஆட்களை நனைப்பதற்கென்றே அந்தத் தோட்டத்தைச் செய்திருந்தார்கள். ஒரு குகைக்குள் குருவிகள் கத்தின. உயிருள்ள குருவி ஒன்றும் இல்லை. தண்ணீர் காற்றைத் தள்ள, காற்று ஊதுகுழல்களால் வந்து குருவிச் சத்தம் போட்டது. இன்னோர் இடத்தில் ஒரு தகரக் கிரீடம் தண்ணீர்த் தாரையின் நுனியில் நின்று ஏறுவதும் இறங்குவதுமாக ஆடியது. ஒரு முழுப் பட்டினத்தையே சின்னச் சின்னப் பாவைகளாகச் செய்து வைத்திருந்தார்கள். இறைச்சிக்காரன் மாட்டை வெட்ட, நாவிதன் தாடி மழிக்க, மேளகாரர் அடிக்க, எல்லாம் தண்ணீரின் விசையில். சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றால் அதன் கொம்பிலிருந்து முகத்தில் தண்ணீர் பாய்ந்தது. சீமைப் பிள்ளைகள் கீச்சிட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன்.

தோட்டத்தின் ஒரு பக்கத்தில் நீளமான கல்மேசை. அதைச் சுற்றிக் கல் ஆசனங்கள், தலைமாட்டில் ஓர் ஆசனம். வழிகாட்டி ஓர் இளைஞன். விருந்துக்கு வந்தவர்களாக யாராவது உட்காருங்கள் என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். யோகமக்காவுக்குக் கால் நோவு. அது விளையாட்டு என்று விளங்காமலே, இருக்க இடம் கிடைத்தது என்று போய் ஓர் ஆசனத்தில் இருந்துவிட்டார்.

அந்த இளைஞன் எங்கேயோ கையை வைத்தான். மேசையைச் சுற்றியிருந்த ஆசனங்களின் நடுவிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு எழும்பியது. மற்றவர்கள் துள்ளி ஓடினார்கள். யோகமக்கா எழும்பவில்லை. சேலை முழுதும் நனைய, தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிய, அப்படியே இருந்து சிரிக்கத் தொடங்கினார். சின்னச் சிரிப்பில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்மேசையில் கையால் அடித்து, மூச்சு வாங்கி, மீண்டும் சிரித்தார். அங்கே நின்ற எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். வழிகாட்டி தண்ணீரை நிறுத்த மறந்துபோய் நின்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கிட்டப்போய்த் தமிழில் சொன்னேன்.

"உங்கடை மனிசன் உயிரோடை இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாது. நீங்கள் இருந்து சிரிக்கிறியள். வெக்கமாயில்லையே?"

அவர் சிரிப்பை நிறுத்த முயன்றார். உடனே முடியவில்லை. முந்தானையைப் பிழிந்தபடி எழுந்தார்.

"பதினொரு நாளாய் இந்த உடம்பு ஒண்டுமே செய்ய மாட்டன் எண்டு நிண்டது, வசந்தா. சாப்பிடு எண்டால் சாப்பிடாது. அழு எண்டால் அழாது. தண்ணி பட்டவுடனை தானாய்ச் சிரிச்சுப்போட்டுது. நான் என்ன செய்ய?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோ நனைந்த சேலையுடன் வழிகாட்டியிடம் போய், அரைகுறை ஆங்கிலத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்தார். இதற்கு எங்கே மோட்டார்? மோட்டார் இல்லை, என்றான் அவன். ஊற்று மேலே இருக்கிறது, தோட்டம் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். திருகும் இடத்தைக் காட்டினான். ஒரு வழியை அடைத்தால் தண்ணீர் மற்ற வழியால் எழும்பும் என்று கையால் காட்டினான். தலைமாட்டு ஆசனத்தில் மட்டும் துவாரம் இல்லையென்பதையும் சொன்னான். அது பேராயருடையது. அவர் எழும்பும்வரை விருந்தினர் எழும்பக்கூடாது; எல்லோரும் நனைய அவர் மட்டும் காய்ந்தபடி இருப்பாராம். யோகமக்கா அந்த ஆசனத்தைக் குனிந்து தடவிப் பார்த்தார். என்னுடைய ஆத்திரம் இன்னும் கூடியது. புருஷனைப் பற்றி ஒரு செய்தி இல்லை, இவர் குழாயைப் பற்றி விசாரிக்கிறார்.

ஐந்து நாள் நான் அவருடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆறாம் நாள் காலை, வார்டில் அவர் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது கன்னியாஸ்திரி ஓடிவந்தார். கொழும்பிலிருந்து திருச்சபை அலுவலகத்தார் பேசினார்களாம். நடராசா அண்ணை ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்து, சரக்குக் கப்பலில் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். யோகமக்கா தலையை மட்டும் ஆட்டினார். கையிலிருந்த குழந்தையைக் கழுவி முடித்து, துவாயால் ஒற்றி, களிம்பு பூசி, தாதி ஒருத்தியிடம் கொடுத்தார். பிறகு குளியலறை நிலத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து ஓவென்று அழுதார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விம்மலுக்கு நடுவே என்னைப் பார்த்துச் சொன்னார்: "சிரிச்சதுக்கு ஏசினாய். இப்ப அழுறன். இதுக்கும் ஏசு."

பயிற்சி முடியும்போது அந்த வைத்தியசாலையில் எங்கள் இருவருக்கும் வேலை தரத் தயாராக இருந்தார்கள். நிலைமையைச் சொல்லி அங்கேயே தங்கிவிடுங்கள் என்று பலரும் சொன்னார்கள். எனக்குத் தங்க ஆசை இருந்தது, மறைக்கவில்லை. யோகமக்கா போவதென்று முடிவெடுத்துவிட்டார். என்னை வற்புறுத்துவார், பிறந்த மண் என்று ஏதாவது சொல்வார், நான் எதிர்த்துக் கதைக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நிக்கிறதெண்டால் நில். பிழையில்லை. குளிருக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கு." இரண்டு கிழமை யோசித்துவிட்டு நானும் அவருடன் விமானம் ஏறினேன். துணிவாலா துணிவில்லாததாலா என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது.

நடராசா அண்ணை கொழும்பு வேலைக்குத் திரும்பவில்லை. நீர்வேலியில் தகப்பனாருடைய தோட்டத் தறையில் வாழை வைத்தார். எழுதுவினைஞராக இருந்தவர், பாத்தி கட்டுவதும் இறைப்பதும் முதலில் மற்றத் தோட்டக்காரருக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டு வருடத்தில் அவர் குலை வெட்டி விற்றபோது அந்தச் சிரிப்பு நின்றது.

தொண்ணூறுக்குப் பிறகு வந்த போர் வருடங்களை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. எரிபொருள் வருவதில்லை. இறைக்கிற இயந்திரங்கள் தூங்கின. வீடுகளில் ஜாம்போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு திரியும் போட்டு விளக்கு எரித்தோம். அந்த விளக்கு எத்தனை பிள்ளைகளை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தது! தட்டுப்பட்டு விழும், சட்டை பற்றும். ஒஸ்ரியாவில் படித்ததெல்லாம் அப்போதுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. அங்கே இருந்த மருந்துதான் இங்கே இல்லை.

புண் ஆறுவதுடன் தீக்காயத்தின் வேலை முடிவதில்லை. தழும்பு இறுகும். கையில் பட்டிருந்தால் விரல்களை உள்ளங்கைக்குள் இழுத்துவிடும். தினமும் நீட்டி நீட்டிப் பழக்காவிட்டால் அந்தக் கை பிறகு விரியாது. பழக்கும்போது நோகும். மிஸ்ஸி வருகிறார் என்றாலே பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிப்பார்கள்.

சுகந்தி என்றொரு பிள்ளை, ஏழு வயது. வலக்கையில் விளக்குக் கவிழ்ந்திருந்தது. புண் ஆறிவிட்டது. மோதிர விரலும் சின்ன விரலும் மடங்கத் தொடங்கியிருந்தன. அந்தக் கையைப் பொத்தி நாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். தாய் கெஞ்சினாலும் தரமாட்டாள். கதைக்கவும் மாட்டாள். நானும் யோகமக்காவும் இரண்டு பேராகப் பிடித்து ஒருநாள் அந்த விரல்களை நீட்டினோம். அவள் போட்ட சத்தத்தில் வார்டே அழுதது. விட்டதும் பழையபடி பொத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானம் தேநீர் குடிக்கும்போது யோகமக்கா சொன்னார், "நாங்கள் பிடிச்சு நீட்டினால் அது எங்கடை நீட்டல். அந்தக் கை தானாய் விரியவேணும்."

"அது எப்பிடித் தானாய் விரியும்?"

அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார். பிறகு, "அந்த மாளிகை நினைவிருக்கே?" என்றார்.

எனக்கு நினைவிருந்தது. கோபமும் நினைவிருந்தது. நான் தேநீர் குடித்த பேணியைக் கழுவப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு நடராசா அண்ணை சைக்கிள் கரியரில் ஒரு பீப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் சும்மா கிடந்த பிளாஸ்டிக் குழாய்களும் வந்தன. ஆனால் தாதியருக்குப் பொறுப்பான மேற்றன் மறித்துவிட்டார். கண்டிப்பானவர், நேர்மையானவரும்கூட.

"தீக்காயப் பிள்ளையளோடை தண்ணி விளையாட்டோ? கிருமி போனால் ஆர் பொறுப்பு? மோட்டர் இல்லாமல் ஒவ்வொரு வாளியாய்க் கிணத்திலை அள்ளுறம், உமக்கு விளையாடத் தண்ணி வேணுமோ?"

"புண் ஆறின பிள்ளையள் மட்டும், மேற்றன். குளோரின் போட்ட தண்ணி. அள்ளுறது நான். ஊத்துற தண்ணி முழுக்க முருங்கைக்குத்தான் போகும்."

"சரிவராட்டில்?"

"சரிவராட்டில் நானே கழட்டிப்போடுறன். இரண்டு கிழமை தாங்கோ."

டாக்டர் சுகந்தியின் கையை இன்னொருமுறை பார்த்தார். இப்படியே போனால் வெட்டித் தைக்கவேண்டி வரும், அதற்கு வேண்டிய வசதி இப்போது இல்லை என்றார். மேற்றன் இரண்டு கிழமை கொடுத்தார்.

குளியலறையின் தட்டைக் கூரையில் பீப்பாவை ஏற்றினோம். அதிலிருந்து ஒரு குழாய் கீழே வந்து வேப்பமர நிழலில் ஒரு சின்ன முக்காலிக்கு முன்னால் படுத்திருந்தது. அந்த இடத்தில் நடராசா அண்ணை ஆணியைச் சூடாக்கி, புல்லாங்குழல்போல நான்கு துளைகள் போட்டார். குழாய் அங்கிருந்து நீண்டு, ஆட்கள் உட்காரும் ஒரு நீள மர வாங்குக்குக் கீழே போய் முடிந்தது. வாங்குப் பலகையில் ஐந்து ஓட்டை. நான்கு துளைகளும் திறந்திருந்தால் தண்ணீர் அவற்றாலேயே வழிந்துவிடும். வாங்கில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பிள்ளை நான்கு விரலையும் நீட்டி நான்கு துளையையும் பொத்தினால், தண்ணீருக்கு வேறு வழியில்லை. வாங்கில் இருப்பவர் தொலைந்தார்.

பலகையை ஆணி அடிக்கும்போது நடராசா அண்ணை கேட்டார், "ஒரு பக்கத்தை நனையாமல் விடட்டே? டாக்டர் இருக்கிறதெண்டால்..."

"ஒரு பக்கமும் விடவேண்டாம்" என்றார் யோகமக்கா. "அங்கை எனக்குப் பிடியாத விசயம் அது ஒண்டுதான்."

காலையில் நாங்கள் இருவரும் இருபது வாளி அள்ளி ஏற்றினோம். மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைகளின் தாய்மார் சேர்ந்துகொண்டார்கள். முதல் பலி நான்தான். கை நன்றாக விரியக்கூடிய ஒரு பயல் துளைகளைப் பொத்த, வெள்ளைச் சீருடையோடு துள்ளி எழும்பினேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வார்டிலிருந்து மற்றப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன். யோகமக்கா என்னைப் பார்த்துவிட்டு அடுத்த வாளியை எடுத்தார்.

சுகந்தி தாயின் மடியில் இருந்து மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். யோகமக்கா அவளைக் கூப்பிடவே இல்லை. நான்காம் நாள், ஒரு பழைய பேப்பரை விரித்துக்கொண்டு வாங்கில் போய் இருந்தார். முக்காலியில் ஒருவரும் இல்லை.

"இண்டைக்கு என்னை ஒருத்தரும் நனைக்கேலாது" என்று பேப்பருக்குச் சொல்லுவதுபோலச் சொன்னார்.

சுகந்தி மடியிலிருந்து இறங்கினாள். முக்காலியில் இருந்தாள். முதலில் இடக்கையை வைத்தாள். யோகமக்கா பேப்பரைப் புரட்டியபடி, "இடக்கையாலை செய்தால் கணக்கில்லை" என்றார். வெகு நேரம் போனது. நாடிக்குக் கீழே இருந்த கை மெல்ல வந்தது. சுட்டு விரல். நடு விரல். மோதிர விரலை மற்றக் கையால் இழுத்து வைத்தாள், முகம் சுருங்கியது, எடுக்கவில்லை. நான்காவது துளை சின்ன விரலுக்கு எட்டவில்லை. வாங்கின் ஓட்டைகளில் தண்ணீர் கொப்பளித்துக் கொஞ்சம் ஏறியது.

அந்தப் பிள்ளையின் குரலை அன்றுதான் கேட்டேன். "மிஸ்ஸிக்கு நனைஞ்சதோ?"

"கொஞ்சம். இன்னும் ஒரு ஓட்டை மிச்சம் கிடக்கு."

அதற்குப் பிறகு அவளை அங்கிருந்து எழுப்புவதுதான் கஷ்டம். நோவில் கண்ணீர் வரும், துடைத்துவிட்டுத் திரும்பவும் வைப்பாள். வானத்தில் குண்டுவீச்சு விமானச் சத்தம் கேட்டால் எல்லோரும் ஈரத்தோடே பதுங்கு குழிக்குள் ஓடுவோம். சத்தம் போனதும் முதல் ஆளாக அவள் முக்காலிக்கு வந்துவிடுவாள். வாரத்துக்கு ஒருமுறை நடராசா அண்ணை புதுக் குழாய்த் துண்டு கொண்டுவருவார். துளைகளின் இடைவெளி ஒரு நூல் கூடியிருக்கும். பிள்ளைகளுக்கு அது தெரியாது.

இரண்டு கிழமை முடிந்த அன்று மேற்றன் பார்க்க வந்தார். வாங்கைச் சுற்றி நடந்தார். கால் எங்கே வைக்கிறது, வழுக்குமா, தண்ணீர் எங்கே போகிறது எல்லாம் கேட்டார். பிறகு, நிற்க நேரமில்லாத மனுஷி, பதிவேட்டில் எழுதுவதற்காக அந்த வாங்கிலேயே இருந்தார். யோகமக்கா வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். சுகந்தி முக்காலியில் இருந்தாள். சுட்டு விரல், நடு விரல், மோதிர விரல். சின்ன விரல் நடுங்கிக்கொண்டு நீண்டது. நீண்டு, தொட்டது.

தண்ணீர் மேற்றனின் தொப்பிவரை எழும்பியது. பதிவேடு நனைந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மேற்றன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், முக்காலிப் பக்கம் குனிந்து பார்த்தார்.

"எந்த விரலாலை பொத்தினனீ?"

சுகந்தி சின்ன விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"எங்கை, இன்னொருக்காச் செய் பாப்பம்" என்றார் மேற்றன். எழும்பாமல் அங்கேயே இருந்தார்.

அவள் இன்னொருமுறை செய்தாள். பிறகுதான் எல்லோரும் சிரித்தோம். மேற்றனும்தான். வாங்கு அதற்குப் பிறகு நாலு வருடத்துக்குக் கிட்ட அந்த வேப்பமரத்தடியில் இருந்தது. சுகந்தி வீட்டுக்குப் போய், அடுத்த மாதம் கிளினிக்குக்கு வந்தபோது, யோகமக்காவுக்கு முன்னால் நின்று சட்டைப் பொத்தான் நாலையும் தானே கழற்றித் தானே பூட்டிக் காட்டினாள். வெட்டித் தைக்கத் தேவை வரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி முடிந்ததென்று சொல்லமாட்டேன். சிலருடைய விரல் எத்தனை வாளி ஊற்றியும் நீளவில்லை. அவர்களும் ஒளிப்பதை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார்கள்.

தொண்ணூற்றைந்தில் போர் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி மழைக்குள் நடந்தபோது நாங்களும் தென்மராட்சிப் பக்கம் போனோம். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் யோகமக்காவும் நானும் மேசை இரண்டை இழுத்துப்போட்டுக் காயங்களுக்கு மருந்து கட்டினோம். வரிசை குறைந்த ஒரு பின்னேரம், பன்னிரண்டு வருடமாக என் நெஞ்சில் கிடந்ததை அவரிடம் சொன்னேன். அந்த மாளிகையில், கல்மேசையடியில், உங்களை அப்படி ஏசியிருக்கக்கூடாது, மன்னியுங்கோ என்றேன்.

பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப ஏசினனீ?"

"நீங்கள் சிரிச்சபோது."

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எனக்கு நீ குளியலறையிலை வந்து பக்கத்திலை இருந்ததுதான் நினைவிருக்கு" என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வேப்பமரத்தடியில் குழாய்கள் இல்லை. யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நான் ஆத்திரப்பட்டேன். யோகமக்கா, "ஆரோ ஒருத்தரின்ரை தோட்டத்திலை தண்ணி ஓடும், விடு" என்றார். நடராசா அண்ணை அவருக்கு முந்திக் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகும் வாழைத்தோட்டத்தை யோகமக்கா விடவில்லை.

செத்தவீட்டில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். சனம் நிறைந்திருந்தது. பலர் தங்கள் கைகளையும் கால்களையும் காட்டி, இதை அவதான் கட்டினவ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். பிள்ளையைத் தொடுமுன் அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் உரசிச் சூடாக்குவார். எவ்வளவு அவசரம் என்றாலும் செய்வார். பார்த்துப் பார்த்து எனக்கும் அது வந்துவிட்டது. ஓய்வுபெற்ற பிறகு கொக்குவிலில் அயலில் உள்ளவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்த்துக் கொடுக்கிறேன். நேற்று ஒருவர் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். "கையை உரசிறியள், குளிருதே மிஸ்ஸி?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். "யோகமக்கா உப்பிடித்தான் செய்வா."

யார் அவ என்று அவர் கேட்டார். பட்டியைச் சுற்றாமல் கீழே வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, சொல்லத் தொடங்கினேன்.